வேனுக்கு வேண்டிய கடிதம்

ஜூலை 8, செவ்வாய். ஃபிரிஸ்கோ

காலையிலேயே அனல். அக்கா வீட்டுக்காரர் லீவு போட்டு கவுன்ட்டி ஆபீஸுக்கு அழைத்துப் போனார். என் வேனுக்கு டெக்சஸ் நம்பர் கிடைக்கவில்லை. கனடாவில் வாங்கிய வண்டி. அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்குப் பொருந்துகிறது என்று தயாரித்த கம்பெனி கடிதம் தர வேண்டும். அதைக் காட்டி கஸ்டம்ஸ் முத்திரை. பிறகுதான் நம்பர். வேலை மாறி டொரன்டோவிலிருந்து ஓட்டி வந்தபோது எல்லையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

கம்பெனிக்கு மெயில் போட்டாயிற்று. பழைய இன்சூரன்ஸும் முடிந்துவிட்டது. வேன் அக்கா வீட்டு வாசலில் சும்மா நிற்கிறது. நான் கீழ் ரூமில்.

வாங்க வேண்டியது: தயிர், பேட்டரி, மாத்திரை ரீஃபில்.

ஜூலை 10, வியாழன்

என் ஆபீஸுக்கு மாமா காரில். அக்கா அக்குளில் கை கொடுத்து என்னைத் தூக்குவாள். மாமா காலை எடுத்து உள்ளே வைப்பார். வீல்சேர் மடங்கி டிக்கிக்குள். சாயங்காலம் மறுபடி. இரண்டு பேரும் முகம் சுளிப்பதில்லை. அதுதான் கஷ்டம்.

டொரன்டோவில் தனியாகவே இருந்தேன். வேன் கதவிலிருந்து ராம்ப், அந்தச் சாய்வுப் பலகை, இறங்கும். வீல்சேரோடு ஏறி, ஸ்டியரிங்குக்கு நேரே பூட்டிக்கொள்வேன். பிரேக், ஆக்சிலரேட்டர் எல்லாம் கையில். கிளம்ப வேண்டியதுதான்.

ஜூலை 14, திங்கள்

கம்பெனி பதில் வந்தது. தொழிற்சாலையை விட்டு வந்தபோது வண்டி சரியாக இருந்ததாம். தரையை வெட்டி இறக்கி ராம்ப் வைத்த பிறகு அவர்கள் பொறுப்பில்லையாம். ராம்ப் வைத்த ஒன்டாரியோ கடைக்குப் போன் செய்தேன். நல்ல மனிதர், என் வேனை ஞாபகம் வைத்திருக்கிறார். பேப்பரைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

மாடிப்படியில் மாமா போனில்: "இந்த வாரமும் மார்னிங் மீட்டிங் கஷ்டம்தான். ஃபேமிலி சிச்சுவேஷன்."

அந்த சிச்சுவேஷன் நான்.

ஜூலை 16, புதன்

அக்காவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. என்னைத் தூக்கும்போது. "ஹக்" என்று ஒரு சத்தம். அப்போதும் என்னைக் கீழே விடவில்லை. டாக்டர் எதையும் தூக்கக் கூடாது என்றுவிட்டார்.

சாயங்காலம் வேனுக்குள் போய் உட்கார்ந்தேன். அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு ராம்ப் பக்கம் வந்து நின்றாள்.

"ரெண்டு நாளாவே வலிச்சுதாமே, மாமா சொன்னாரு. ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா நீ ஆபீஸ் போமாட்டே."

"அதுக்காக?"

"உன்னத் தூக்கறது எனக்கு பாரமாடி?"

"எனக்கு பாரம்க்கா."

அழுதாள். நானும். பக்கத்து வீட்டு ஆன்ட்டி நாயோடு போனவர் கையாட்டினார். நாங்களும் அழுதுகொண்டே கையாட்டினோம்.

ஜூலை 18, வெள்ளி

ராம்ப் கடைக்காரர் மெயில். அமெரிக்க விதிப்படி அவர்கள் சோதனை செய்ததே இல்லை. கடிதம் தர முடியாது. மன்னிப்புக் கேட்டு நான்கு வரி. இரண்டு முறை படித்தேன்.

ஆக, வேன் கனடாவுக்கே திரும்பிப் போக வேண்டும். அங்கேயே விற்க வேண்டும். இங்கே புதிதாக ஆர்டர் செய்தால் வர மாதக்கணக்காகும். அதுவரை வீட்டிலிருந்து வேலை பார்க்க மேனேஜர் சரி என்றார். திருப்பிக் கொண்டுபோக மட்டும் பழைய இன்சூரன்ஸை ஒரு வாரம் நீட்டித்துத் தருகிறார்கள்.

நானே ஓட்டிப் போகிறேன் என்றேன்.

"தனியாவா? சான்ஸே இல்ல," என்றார் மாமா. "நான் வரேன்."

ஜூலை 21, திங்கள். ஓக்லஹோமா தாண்டி

ரெஸ்ட் ஏரியா. மேகமூட்டம். கை லேசாக வலிக்கிறது, நல்ல வலி.

முதல் ஒரு மணி நேரம் மாமா மேலே இருந்த கைப்பிடியை விடவே இல்லை. பிறகு, "டயர்டா இருந்தா சொல்லு மலரு, நான் டிரைவ் பண்றேன்," என்றார்.

"இந்தப் பக்கம் சீட்டே இல்லீங்க மாமா."

எட்டிப் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தார். இந்த மாதத்தில் அவர் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, "இத்தன நாள் வாசல்ல நின்னுதே, ஒரு ரவுண்டு கூட உன்கூட வரல நான்," என்றார்.

வரும்போது ஃபிளைட். அப்புறம் வீட்டிலிருந்தே வேலை; வெளியே போக மறுபடி மாமா கார்தான், புது வேன் வரும்வரை.

சற்று முன் ரொம்ப நேரம் நெளிந்துகொண்டிருந்தார். கடைசியில் மெதுவாக, "மலரு, எங்கயாவது கொஞ்சம் நிறுத்த முடியுமாம்மா?"

கேட்க அவ்வளவு கூச்சம். உடனே நிறுத்தினேன். அதோ, கையைத் துடைத்துக்கொண்டே வருகிறார்.