குவெங்காவில் கழற்றிய குல்லா

ராஸ் அல் கைமா,
ஆகஸ்ட் 2007

மகன் முகம்மது ரிபாய்க்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். வீட்டில் எல்லோருக்கும் அல்லாஹ் சுகத்தைத் தரட்டும்.

பலர் பார்க்க என் தலையிலிருந்து குல்லாவை நீ கழற்றினாய். நடந்த தவறு அதுதான். வாப்பா கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று நீ சொல்லித் திரிவது வேறு கதை.

உன் மாமி மகன் சித்தீக் வீட்டில் இருக்கிறேன். அவன் டூட்டி பார்க்கும் செராமிக் கம்பெனியின் தூசி ஜன்னலெல்லாம் படிகிறது. சாப்பாட்டுக்குக் குறையில்லை. நான் போனை எடுப்பதில்லை என்று அவனிடம் குறைப்பட்டாயாம். எடுக்க மாட்டேன்.

ஈக்வடாருக்கு நானாக வரவில்லை. மேனேஜர் குடும்பத்தோடு லீவுக்குப் போகிறோம், வாங்க என்று நீதான் கூட்டிப்போனாய். குவெங்கா என்ற அந்த மலைநகரத்தில் கைவினைத் தெருக்களை நடத்தியே சுற்றிக்காட்டினார்கள். தொப்பி செய்கிறவர் கடையில், எல்லோரும் ஓலைத் தொப்பி போட்டுப் படம் எடுக்கலாம் என்றாள் வழிகாட்டிப் பெண். நான் குல்லாவின் மேலேயே போட்டேன். தொப்பி நிற்கவில்லை. "ஒரு போட்டோவுக்குத்தான வாப்பா, கழட்டுங்க, அசிங்கமா இருக்கு" என்றாய். மாட்டேன் என்றேன். "விடுங்க ரிபாய், பெரியவர் இஷ்டம்" என்று உன் மேனேஜர் வெங்கட்ராமனே சொன்னார். அவருக்குத் தெரிந்தது. நீ சிரித்துக்கொண்டே கழற்றி, மடித்து, பேண்டின் பின்பாக்கெட்டில் செருகினாய். அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்தில், வயதாகிவிட்டது, சொன்னால் புரியாது என்றாய். துபாய் தெய்ராவில் கடை வைத்து, வந்து போகிறவர்கள் வாயிலிருந்தே ஆங்கிலம் கற்றவன் நான். புரிந்தது.

அப்புறம் தகர வேலைக்காரர்கள், இரும்புப் பட்டறைகள், மண்பாண்டம் வனைகிற வீடு என்று எல்லாம் காட்டினார்கள். பார்த்தேன். தகரம் அடிக்கிற சத்தம் கேட்டது. கோபம்கூட வரவில்லை, இன்று வரை. பின்பாக்கெட்டில் என் குல்லாவோடு பெஞ்சில் உட்கார்ந்து நீ ஐஸ்கிரீம் தின்றாய். குல்லாவைத் தா என்று நான் கேட்கவில்லை. கைக்குட்டையைத் தலையில் கட்டி லுஹர் தொழுதேன்.

இனி ஆகவேண்டியது. ஓலைத் தொப்பியோடு எடுத்து ஹாலில் மாட்டியிருக்கும் அந்தப் படத்தை மருமகள் ஆமிரா இறக்கட்டும், நீ தொட வேண்டாம். உம்மாவின் சுகர் மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பதும் அவள் பொறுப்பு. பேரன் ஹஸ்னைனை ஜும்ஆவுக்கு நீயே கூட்டிப்போ. நீ பாட்டுக்கு முன்னால் நடக்காதே, அவன் கையைப் பிடித்துக்கொள். உன் உம்மா என்னைக் கேட்டு அழுகிறாளாம். நோன்புக்கு முன் அவளை இங்கே கொண்டுவந்து விடு. டிரைவரோடு அனுப்பாதே. இந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை, அவள் முழங்கால் மூன்று மாடி ஏறாது. வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு, அவளைத் தாங்கிக்கொண்டு கதவு வரை ஏறி வரவேண்டியது நீ.

வாப்பா,
முகம்மது யூசுப்