பலாப் பலகை மேல் ஆடிய வேரா அண்ணிக்கு

என் பிரியத்துக்குரிய வேரா அண்ணி,

நேற்றும் ஒருவர் வந்தார். மஞ்சக்குப்பத்தில் இவ்வளவு பெரிய மாடிக் கூடம் வேறெங்கும் கிடைக்காதாம், டியூஷன் சென்டர் வைக்கக் கேட்டார். தரைப் பலகையை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு டைல்ஸ் பதித்துக்கொள்வாராம். "இங்க கிளாஸ் நடக்குதுங்க" என்றேன். "யாரு நடத்துறா? அந்த ரஷ்யாக்காரம்மாதான் செத்துப்போயிட்டாங்களே?" என்றார். "அவுங்கதான் போயிட்டாங்க, கிளாஸ் போவல" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். கொஞ்சம் பலமாகவே சாத்திவிட்டேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு உங்களைத் தெரியாது. அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே உங்களிடம் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணன் சேகர் இன்ஜினியரிங் படிக்க ரஷ்யாவுக்குப் போனார். பெர்ம் என்ற ஊரில், ஒரு தியேட்டரில் நீங்கள் பாலே ஆடிக்கொண்டிருந்தீர்கள். நடுவில் நிற்கும் நட்சத்திரம் இல்லை, பின்வரிசைப் பெண்களில் ஒருத்தி. அந்த நாடு உடைந்து தியேட்டரில் சம்பளமும் நின்றபோது, அண்ணன் உங்களைக் கட்டிக்கொண்டு கடலூருக்கு வந்தார். திருப்பாப்புலியூர் ஸ்டேஷனில் உங்களைப் பார்த்ததும் அம்மா என் காதில் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "என்னாடி, இவ்ளோ ஒல்லியா இருக்கா? அந்த ஊர்ல சோறே போட மாட்டாங்களா?"

அம்மா சோறு போட்டார். நீங்கள் எங்கள் ஊர்த் தமிழைப் பிடித்துக்கொண்டீர்கள். பிள்ளை பிறக்கவில்லை என்று சொந்தக்காரர்கள் இழுத்த பேச்சையெல்லாம் அண்ணன் வாசலோடு நிறுத்தினார். பிறகு ஒரு நாள் வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சுவலி என்றார்கள். அண்ணன் திரும்பி வரவில்லை.

பெர்மிலிருந்து உங்கள் அம்மா தினமும் போன் பண்ணி அழுதார். காரியம் முடிந்ததும் கிளம்பிவிடுவாள் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பதினாறாம் நாள் முடிந்த மறுநாள், நீங்கள் மாடிக் கூடத்தைப் பெருக்கிக் கழுவினீர்கள். பிளம்பரைக் கூப்பிட்டு, இடுப்பு உயரத்தில் சுவரோடு ஒரு இரும்பு பைப் அடிக்கச் சொன்னீர்கள். "தண்ணி எங்கேருந்து வருது, எங்க போவுதும்மா?" என்று அவர் கேட்டார். "தண்ணி இல்ல. புள்ளைங்க புடிச்சிக்கிட்டு நிக்கும்" என்றீர்கள்.

முதல் பிள்ளை யார் என்பதை எப்படி மறப்பேன்? தேவனாம்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவரும் அஞ்சலையின் கூடைக்குப் பக்கத்தில், வெறுங்காலோடு அவள் மகள் கனிமொழி நின்றாள். நீங்கள் மீனைப் பார்க்கவே இல்லை. வாசலில் உட்கார்ந்து அந்தக் குழந்தையின் பாதத்தை வளைத்துப் பார்த்தீர்கள். "அஞ்சல, இந்தக் கால எனக்குக் குடு" என்றீர்கள். "கால மட்டும் எப்பிடிக்கா குடுக்குறது? புள்ளையவே வச்சிக்க, சாயங்காலம் அனுப்பிடு" என்றாள் அவள்.

சிமெண்ட் தரையில் குதித்தால் முட்டி போய்விடும் என்று பல வருடம் பிள்ளைகளைக் குதிக்கவே விடவில்லை நீங்கள். பிறகு அந்தப் பெரிய புயல் வந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. ஊரே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, என்னை இழுத்துக்கொண்டு அண்ணாகிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு மரம் அறுக்கும் மில்லுக்குப் போனீர்கள்.

"தரைக்கு யாரும்மா பலாமரம் போடுவா? டைல்ஸ் போடுங்க" என்றார் மில்காரர்.

"டைல்ஸ்ல குதிச்சா முட்டி போயிடும்ண்ணே."

"அப்ப குதிக்காம ஆடச் சொல்லுங்க."

"குதிக்காம எங்க டான்ஸே கிடையாது."

ஒரு கோடை முழுக்கப் பலகைகளைக் காயவைத்தீர்கள். அடியில் லாரி டயர்களை வெட்டிப் போட்டு, மேலே பலகையை முடுக்கினோம். மஞ்சள் தரை. பிள்ளைகள் முதல் தடவை அதில் எம்பிக் குதித்த அன்று நீங்கள் அழுதீர்கள். அண்ணன் போனபோதுகூட எங்கள் முன்னால் அழாதவர், ஏன் அன்று அழுதீர்கள்? கேட்க நினைத்து நான் கேட்காமலே விட்டது இது ஒன்று. ஊருக்குத் திரும்பிவிடலாமென்று ஒரு நாளாவது தோன்றியதா என்பது இன்னொன்று.

சிதம்பரம்தான் உங்களுக்கு ஆறாமல் இருந்தது. அங்கே ஒரு நாட்டிய விழா நடத்துகிறவரைப் பார்க்க நாம் போனோமே. மரியாதையானவர், காபி கொடுத்தார். "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இது நடராஜர் ஊரு. இங்க பரதம்தான்" என்றார். நீங்கள் டம்ளரைக் கீழே வைத்தீர்கள். "உங்க நடராஜரும் ஒத்தக் கால்லதான சார் நிக்கிறாரு? எங்க புள்ளைங்களும் ஒத்தக் கால்லதான் நிக்குது." அவர் வாய்விட்டுச் சிரித்தார். மேடை மட்டும் தரவில்லை. திரும்பும் பஸ்ஸில், புவனகிரி தாண்டும்போது என் கையைப் பிடித்தீர்கள். "செல்வி, நாமளே ஒரு மண்டபம் எடுப்போம்" என்றீர்கள். எடுப்பதற்குள் வயிற்றில் அந்த நோய் வந்துவிட்டது. கடைசி மாதங்களில் நாற்காலியில் உட்கார்ந்து, கையை அசைத்தே பாடம் நடத்தினீர்கள்.

இனி உங்களுக்குத் தெரியாத சேதி.

நம் கனிமொழி, கனி, இப்போது சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். சனி, ஞாயிறு கடலூர் வந்து உங்கள் வகுப்பை அவள்தான் எடுக்கிறாள். சித்திரையில் பரங்கிப்பேட்டையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். நானும் போயிருந்தேன். எல்லாம் பேசி முடித்துத் தட்டு மாற்றப் போகும் நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா சொன்னார்: "கல்யாணத்துக்கு அப்புறம் இந்தக் குதிக்கிற கிளாஸெல்லாம் வேணாம்மா. நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க."

அஞ்சலை என்னைப் பார்த்தாள். கனி குரலை உயர்த்தவில்லை. "அப்ப கல்யாணம் வேணாங்க அத்தை. காபி ஆறுது, குடிங்க" என்றாள்.

அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அஞ்சலை மகளைத் திட்டித் தீர்த்தாள், பிறகு கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அந்தக்கா இருந்திருந்தா என்னா சொல்லியிருக்கும்?" என்று என்னிடம் கேட்டாள். நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் அண்ணி?

அந்த வாரமே கனி என்னிடம் வந்தாள். "அத்தை, ஆடி மாசத்துல கல்யாணம் இல்ல. மண்டபம் சும்மாதான் கெடக்கும். சிதம்பரத்துல எடுத்துடுவோம்" என்றாள். எடுத்தோம். ஆனால் மேடை முழுக்க கிரானைட். கனி அதைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம தரையக் கொண்டாந்துடலாம்" என்றாள். நான் விளையாட்டு என்று நினைத்தேன்.

கனியின் அண்ணன்மார்களும் படகு வேலை செய்கிற ஆட்களுமாக வந்து, பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மினி லாரியில் ஏற்றினார்கள். கூட்டத்தில் புதிதாக ஒரு பையன் பலகை தூக்கிக்கொண்டிருந்தான். உற்றுப் பார்த்தால் பரங்கிப்பேட்டை மாப்பிள்ளை! "தம்பி, நீங்க எப்பிடி?" என்றேன். "அவுங்க அண்ணன் சொன்னாரு. லோடு ஏத்த ஆள் வேணும்னாங்க" என்று தலையைக் குனிந்துகொண்டான். கனி அவனைப் பார்த்தும் பார்க்காததுபோல, "அந்த மூல இடிக்குது, பாத்துத் தூக்குங்க" என்றாள்.

உங்கள் பிள்ளைகள் சிதம்பரத்தில் ஆடிவிட்டார்கள் அண்ணி. பாதி நாற்காலி காலிதான். இருந்தவர்களில் முக்கால்வாசி தேவனாம்பட்டினத்திலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள். ஒரு சின்னப் பெண் வழுக்கி விழுந்தாள், எழுந்து விட்ட இடத்திலிருந்து ஆடினாள். விழாக்காரரைத் தேடினேன், வரவில்லை. கனி தனியாக ஆடியபோது பின்வரிசையில் ஒரு மீனவர், "ஏய், நம்ம அஞ்சல பொண்ணுடா!" என்று கத்தினார். யாரும் அவரை அடக்கவில்லை.

மாப்பிள்ளை அவன் வீட்டில் பேசிவிட்டான். ஆவணியில் கல்யாணமும் முடிந்தது. மாமியார் இன்னும் கனியிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "பேசுறப்ப பேசட்டும் அத்தை" என்கிறாள் கனி. கல்யாணம் முடிந்த வாரமே, திரும்பக் கொண்டுவந்து மாடியில் முடுக்கிய பலகை மேல் சனிக்கிழமை வகுப்பு எடுக்க வந்துவிட்டாள்.

மகன் என்னைச் சென்னைக்குக் கூப்பிடுகிறான். வீட்டை விற்றுவிடலாம் என்கிறான். விற்க மாட்டேன், வரவும் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

நிகழ்ச்சி முடிந்ததும், பரதம் படிக்கும் தன் மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு அம்மா வந்தார். "இத இங்க சொல்லிக் குடுக்குறீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கீழவீதிக்குப் பின்னால் ஒரு கூடம் பேசி முடித்தாயிற்று. தையிலிருந்து புதன்கிழமை மாலைகளில், டியூட்டி முடிந்ததும் கனி அங்கே சொல்லிக் கொடுப்பாள். நான் கடலூரிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பாட்டுப் போடுவேன். எனக்குக் கால் நடக்கிற வரைக்கும் ஒரு புதனையும் விட மாட்டேன் அண்ணி. இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் சேகரின் தங்கை,
உங்கள் நாத்தனார்
செல்வி