படபடப்பு என்று போட்ட குறியீடு

வியாழன், இரவு

இதயத் துடிப்பில் ஒழுங்கில்லை என்று டொக்டர் எழுதியிருக்க, ஆஸ்பத்திரிக் கிளாக்கர் வெறும் படபடப்புக்குரிய நோய்க் குறியீட்டைப் போட்டு வைத்திருக்கிறான். இதயக் கிளினிக்கில் அதைப் பார்த்துத்தான் திகதி கொடுக்கிறார்கள். எனக்கு ஆறு மாதம் கழித்து.

பிழை என்று காட்டினேன். என் ஈசீஜித் தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "சோதின கிட்ட வந்தா பொம்புளப் புள்ளையளுக்கு இப்பிடித்தான் அடிக்கும். போய்ப் படி புள்ள" என்றான். டொக்டரைவிடப் பெரிய மேதை! அம்மா அவனுக்கு நன்றி வேறு சொன்னார். "பயப்பட ஒண்டுமில்லையாம் மகள்" என்று தேற்றாத்தீவில் பஸ்ஸை விட்டு இறங்கும்வரை சிரித்தார்.

இப்போது மறுபடியும் துள்ளுகிறது. நாடியைப் பிடித்து எண்ணினேன், பாதியில் தவறிவிட்டது. அம்மாவை எழுப்ப வேண்டும். எனக்கு இது தொடங்கிய இரண்டு மாதத்தில் இன்றுதான் குறட்டை விட்டுத் தூங்குகிறார்.