நெட்டையன் வரவில்லை

ஜனவரி 12, ஞாயிறு
பால் இரண்டு பாக்கெட், ஒன்று திரிந்துவிட்டது. கேஸ் மாற்றி இன்றோடு இருபத்தாறு நாள்.

பையன் ஐந்து மணிக்குக் கூப்பிட்டான். அவரிடம் முப்பத்தெட்டு நிமிடம், என்னிடம் நான்கு. வெளியூர் வேலைக்குப் போன மூன்று வருடமாக எல்லா ஞாயிறும் இப்படித்தான். அப்பாவும் பிள்ளையும் அவர்களுடைய கால்பந்து கிளப்பைப் பற்றிப் பேசித் தீர்ப்பார்கள். கடைசியில், “அம்மாட்ட குடுங்கப்பா.” என் கைக்கு வரும்போது போன் சூடாக இருக்கும். சாப்டியாம்மா, கால் வலி எப்படி இருக்கு, மாத்திரை போடறியா. எல்லாவற்றுக்கும் ஆமாம் என்பேன். அதற்குள் முடிந்துவிடும்.

என் பட்டன் போனில் நானாகக் கூப்பிடுவதில்லை. ஒரே ஒரு முறை கூப்பிட்டேன். “யாருக்கு என்னாச்சு?” என்று பதறிப்போனான். சும்மாதான் கூப்பிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

ஜனவரி 19, ஞாயிறு
அவர் 41, நான் 3.

கிளப்பை விற்கப்போகிறார்களாம். பழைய முதலாளி பெயின்ட் கம்பெனிக்காரர், கடனில் மூழ்கிவிட்டார். வாங்க வருகிறவர்கள் வெளியூர்க்காரர்கள். அவர்கள் வந்தால்தான் கிளப் பிழைக்கும் என்கிறான் பையன். இவருக்கு அதெல்லாம் பிறகு. இவருக்கு முதலில் நெட்டையன் வேண்டும். நெட்டையன் என்பது இவர்கள் வைத்த பெயர், உயரமான ஆட்டக்காரன், வேறு கிளப்பில் இருக்கிறான், தலையாலேயே பந்தை உள்ளே தள்ளுவானாம். ஆட்டம் பார்க்க வரும் தையல்காரர் சொன்னார்: “நம்ம ஆளுங்க கோலுக்கு வழி கேட்டுட்டுப் போறதுக்குள்ள ஆட்டமே முடிஞ்சிடுது.” அடுப்படியில் நின்று சிரித்தேன். யாருக்கும் கேட்கவில்லை.

ஜனவரி 30, வியாழன்
நாளைதான் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குப் பிறகு இந்தப் பருவத்தில் எந்த ஆட்டக்காரனையும் வாங்க முடியாது. கிளப் கை மாறுவதும் நாளைதான்.

சாமியிடம் இவருக்கு நெட்டையன், அவனுக்குப் புது முதலாளி, இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டேன். தனித்தனியாகக் கேட்டு இரண்டு தடவை தொந்தரவு செய்வானேன். நாளை மதியச் சாப்பாட்டை விடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 31, வெள்ளி
கிளப் கை மாறிவிட்டது. நெட்டையன் வரவில்லை. எதிரி கிளப்புக்குப் போய்விட்டான்.

பிப்ரவரி 2, ஞாயிறு
கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் தயாராக நின்றேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

இவர்: “உன் புது முதலாளிக்கு ஒரு கையெழுத்து போடத் துப்பில்ல.” அவன்: “கிளப்பே மூடிட்டா உங்க நெட்டையன் யாருக்குப்பா விளையாடுவான்?” பழையவர் இருந்திருந்தால் போட்டிருப்பார் என்றார் இவர். பழையவர் கையில்தான் எல்லாம் நாசமாய்ப் போனது என்றான் அவன். இதுவரை விளையாட்டுப் பேச்சுதான். அப்புறம்தான் இவர் சொன்னார்: “ஊரை விட்டுப் போனவன்தானே நீ. உனக்கென்னடா தெரியும் இதெல்லாம்.”

போன் நின்றுவிட்டது.

ஆறு நிமிடம். எனக்கு இல்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு
ஐந்து மணி. ஐந்தரை. ஏழு. வரவில்லை. இவர் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தே வைத்திருந்தார்.

பிப்ரவரி 12, புதன்
இது என் தவறுதானோ? தையல்காரர் இவரிடம் விளக்கிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். கிளப் அன்றைக்கே கை மாறியதால்தான் நெட்டையன் காகிதம் கையெழுத்தில்லாமல் கிடந்ததாம். ஒன்று நடந்ததால் மற்றொன்று நடக்கவில்லை. இரண்டையும் ஒரே நாளில் கேட்டவள் யார்? நான்தானே. என்ன கேட்கிறோம் என்று தெரியாமலே கேட்டேன். சாமி, நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா.

பிப்ரவரி 16, ஞாயிறு
இல்லை.

நீங்களே கூப்பிடுங்களேன் என்றேன். “அவன் கூப்பிடட்டும்” என்றார். அவன் என்ன நினைக்கிறான் என்று எனக்குத் தெரியும், அங்கேயும் இதே வார்த்தைதான். அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறான்.

இன்று நாள் முழுக்க நான் பேசியது: சாப்பிட வாங்க. தண்ணி வந்துடுச்சு. கதவைச் சாத்துங்க.

பிப்ரவரி 18, செவ்வாய்
இவர் தையல்காரர் கடைக்குப் போனதும், எடைக்குப் போடத் தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்த பேப்பர்களை எடுத்துத் தரையில் பரப்பினேன். பள்ளிக்கூடம் எனக்கு ஐந்தாம் வகுப்போடு சரி. மற்றதெல்லாம் பேப்பரை வாய்விட்டுப் படித்துப் படித்து வந்ததுதான். விளையாட்டுப் பக்கத்தை மட்டும் இதுவரை திறந்ததில்லை.

பால் கணக்கு எழுதுவது மாதிரி நேரம் நேரமாக எழுதிப் பார்த்தேன். காலை பத்தரை: பழைய முதலாளி விற்றுக் கையெழுத்துப் போட்டார், அதோடு அவர் அதிகாரம் முடிந்தது. மதியம் ஒன்று: நெட்டையன் பத்திரம் கிளப் அலுவலகத்துக்கு வந்தது. மாலை ஐந்து: கெடு முடிந்தது. ஐந்தே முக்கால்: புது முதலாளிக்குக் கால்பந்துச் சங்கத்தின் ஒப்புதல் வந்தது. பத்தரையிலிருந்து ஐந்தே முக்கால் வரை அந்தக் கிளப்புக்கு முதலாளியே கிடையாது. இவர் சொல்வதும் சரியில்லை, அவன் சொல்வதும் சரியில்லை. இல்லாத ஆளைத் திட்டி இரண்டு பேரும் சண்டை போட்டிருக்கிறார்கள்.

மூன்றாம் தேதிப் பேப்பரில், ஏழாம் பக்கத்தின் கீழே, சின்னதாக ஒன்று போட்டிருந்தான். நெட்டையன் அன்று இந்த ஊருக்கே வந்துவிட்டானாம். விடுதி அறையில் பையைக் கட்டி வைத்துக்கொண்டு நாலரை வரை போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தானாம். வரலாமா வேண்டாமா என்று கிளப்பிலிருந்து ஒருவரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. அதன் பிறகுதான் எதிரி கிளப்பிலிருந்து போன் வந்திருக்கிறது.

ஐயோ பாவம். அதை நான்கு முறை படித்தேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு
ஐந்து மணிக்கு இவர் போனைப் பார்த்தார். ஐந்தே காலுக்கு எழுந்து கடைத்தெருவுக்குப் போனார். நான் சாமி முன்னால் நின்றுவிட்டு, என் போனை எடுத்துக் கூப்பிட்டேன்.

“யாருக்கு என்னாச்சு?”

“யாருக்கும் ஒண்ணுமில்ல. நெட்டையன் விஷயமாப் பேசணும்” என்றேன்.

தாளைப் பார்த்து நேரங்களைப் படித்தேன். நடுவில் குறுக்கிட்டான்: “ஒப்புதல் அஞ்சே முக்காலுக்கா? அஞ்சுக்கு முன்னாடின்னு இல்ல சொன்னாங்க.” பேப்பரின் தேதியும் பக்கமும் சொன்னேன். பிறகு விடுதி அறை விஷயத்தைச் சொன்னேன்.

“ஒரு போன் பண்ணியிருக்கலாம்டா யாராவது. அவன் காத்துக்கிட்டே இருந்திருக்கான்.”

பிறகு மெதுவாக, “உனக்கு எப்போம்மா இதெல்லாம் தெரிஞ்சது?” என்றான்.

மூணு வருஷமா அடுப்படியில நின்னு கேட்கறேனே என்றேன். சிரித்தான். சின்ன வயதுச் சிரிப்பு.

இருபத்திரண்டு நிமிடம்.

மார்ச் 2, ஞாயிறு
என் போனுக்கே கூப்பிட்டான். முப்பத்தைந்து. புதிதாக வந்த இடது பக்க ஆட்டக்காரன் தேறுவானா என்று என்னைக் கேட்டான். பந்தை வைத்துக்கொண்டு கோலம் போடுகிறான், கொடுத்துவிட்டு ஓட வேண்டாமா என்றேன். “கரெக்ட்மா, அதேதான்.”

இவர் பேப்பரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கமே திருப்பவில்லை. “என்ன சொல்றான்?” ஒன்றுமில்லை, விளையாட்டுப் பேச்சு என்றேன்.

மார்ச் 9, ஞாயிறு
தையல்காரர், “தங்கச்சி, ஆஃப்சைடா இல்லையா, நீங்களே சொல்லுங்க” என்று அடுப்படிப் பக்கம் திரும்பிக் கேட்டார். இவர் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டார். உட்கார்ந்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு
பால் இரண்டு பாக்கெட். கேஸ் போன புதன் மாற்றியது.

எதிரி கிளப்போடு ஆட்டம். நெட்டையன் ஒரு கோல் போட்டான். நமக்கு எதிராகத்தான். இருந்தாலும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், வெளியே காட்டவில்லை.

ஐந்து மணிக்கு என் போன் அடித்தது. நாற்பத்தொரு நிமிடம் ஆட்டத்தைப் பற்றியே பேசினோம். வேறு எதற்கும் இடமில்லை. கடைசியில், “அப்பாட்ட குடும்மா” என்றான்.

இவர் வாசற்படியில் நின்றிருந்தார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. சேலைத் தலைப்பில் போனைத் துடைத்துக் கொடுத்தேன்.

“ம்... சாப்டேன்... போடறேன், போடறேன்... இப்ப பரவால்லடா.”

நான்கு நிமிடம். போனைத் திருப்பித் தரும்போது இவர் என்னைப் பார்க்கவில்லை. முகம் கழுவப் போய்விட்டார்.

என்னிடம் அவன் அதெல்லாம் கேட்டுப் பத்து வாரம் ஆகிறது.

கால் வலி மாத்திரை வியாழக்கிழமையோடு தீர்ந்துவிட்டது. நாளை வாங்க வேண்டும்.