டெல்மர் அடைத்த குண்டுகள்

மார்ச் 3
பனி உருகவில்லை. இன்று யாரோடும் பேசவில்லை. கோழிகளைத் திட்டியதைச் சேர்த்தால் பேசினேன்.

மார்ச் 9
பக்கத்துப் பண்ணை வெண்டெல் வந்தார். காபி தீர்ந்ததும் மெல்ல ஆரம்பித்தார்.

"ஏம்மா நாடீன், டெல்மரோட அந்தக் காலத்து ரிவால்வர் அப்படியேதான் இருக்கா?"

அப்படியேதான் இருக்கிறது, அலமாரி மேல்தட்டில். அக்டோபரில் கோழிக்கூட்டைச் சுற்றிய நரியை விரட்ட, இதே மேசையில் உட்கார்ந்து அதில் கரிமருந்தும் ஈயக்குண்டும் அடைத்தார் என் வீட்டுக்காரர். மருந்தைப் பற்றவைக்கும் கேப்பை ஒவ்வோர் அறையின் பின்னாலும் மாட்டுவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அவ்வளவுதான்.

"மருந்தோட விட்டு வெக்கக் கூடாதும்மா. சுட்டுத்தான் காலி பண்ணணும். சனிக்கிழமை நம்ம துப்பாக்கி கிளப்புக்கு எடுத்துட்டு வா."

மாட்டேன் என்றேன். கொஞ்சம் கத்தியே சொன்னேன். பாவம், தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 10
அந்த மனுஷனுக்கு எப்படிப் புரியவைப்பேன்? டெல்மரின் கை கடைசியாகச் செய்த வேலை அது. சுட்டால் புகையாகப் போய்விடும். அப்புறம் எனக்குன்னு என்ன இருக்கு?

சனிக்கிழமை தோறும் சுட்டுவிட்டு வந்து, என் பாத்திரத் தொட்டியிலேயே ரிவால்வரைச் சோப்புத் தண்ணீரில் கழுவுவார். வீடெல்லாம் அழுகிய முட்டை நாற்றம். சன்னலைத் திறந்துவிட்டுக் கத்துவேன். இப்போது யாரைப் பார்த்துக் கத்த?

மார்ச் 17
அலமாரியைத் திறந்தேன். மூடினேன்.

மார்ச் 22
உருளை ஓரத்தில் செந்துரு. அவர் பார்த்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். சரி, போகிறேன்.

மார்ச் 25, சனி
எழுதிவிடுகிறேன்.

ஓடைக்கரை மைதானம். வெண்டெல் சொல்லச் சொல்ல நானே கேப் மாட்டினேன். ஆறு அறைகளில் ஐந்துக்குத்தான், துப்பாக்கியின் சுத்தியலுக்கு அடியில் ஓர் அறையை எப்போதும் காலியாக விடுவார்கள். சுட்டேன். அம்மாடி! முன்னால் ஒன்றுமே தெரியவில்லை, வெள்ளைப் புகை. ஒவ்வொன்றுக்கும் அழுதேன். கண்ணில் புகை என்று சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாவது வெடிக்கவில்லை. கேப் மட்டும் 'பட்' என்றது. இன்னொன்று மாட்டியும் அதேதான். வெண்டெல் பின்பக்கத் திருகைக் கழற்றி உள்ளே பார்த்தார்.

"அடப்பாவி! மருந்தே போடல. வெறும் குண்ட வெச்சு அடைச்சிருக்கான்!"

புள்ளி குறிக்கும் ஃபெர்ன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மருந்தை மறந்து குண்டை அடைப்பவர் மறுவாரம் கேக் கொண்டுவர வேண்டும், அது கிளப் வழக்கம். யார் மாட்டினாலும் "கேக்! கேக்!" என்று முதலில் கூவுவது டெல்மர்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை நாளாயிற்று.

அந்தத் துளை வழியாக வெண்டெல் ஒரு சிட்டிகை மருந்து போட்டுத் திருகை மாட்டினார். கடைசிக் குண்டையும் நானே அனுப்பினேன். போயிட்டு வாங்க.

பிறகு நானே அடைத்துச் சுட வேண்டுமென்றாள் ஃபெர்ன். மருந்து, மேலே குண்டு, நெம்புகோலை அழுத்தினால் ஈயம் மோதிரம் போலச் சீவி விழும், அறையின் வாயில் கொழுப்புப் பூச்சு. நடுவே ஃபெர்னிடம் பேச ஆரம்பித்தேன் பாருங்கள், வாய் நிற்கவேயில்லை. குளிர்காலம் முழுக்கப் பேசாததெல்லாம் கொட்டியது.

மூன்றாவது குண்டு — 'பட்'.

"கேக்! கேக்!" எல்லாரும் கூவினார்கள். எனக்கு அவர் குரலும் கேட்டது. கேட்டதுதான், யார் என்ன சொன்னாலும்.

ஏப்ரல் 1
பீச் பழக் கேக் இரண்டு கொண்டுபோனேன்.

"எதுக்குடி ரெண்டு?" என்றாள் ஃபெர்ன்.

"ஒண்ணு என்னோடது. ஒண்ணு டெல்மரோடது."

வெண்டெல் தொப்பியைக் கழற்றினார். பிறகு, பெரிய துண்டாகக் கேட்டார்.

தட்டுகளை வழித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து ரிவால்வரைச் சோப்புத் தண்ணீரில் கழுவினேன். தண்ணீர் கருத்தது. அதே முட்டை நாற்றம் வீடெல்லாம். சன்னலைத் திறக்கவில்லை.