நந்தினின் மூச்சும் என் காவலும்

ஜனவரி 16

இன்றும் நந்தினைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. உலான்பாத்தர் நகரம் முழுக்கக் கரிப்புகை. பக்கத்துக் கூடார வீடுகூடத் தெரியவில்லை. கதவுச் சந்தில் கம்பளி திணித்தேன். அவளுடைய மூச்சிழுப்பு நோய் விலகட்டும் என்று காலையும் மாலையும் சாம்பிராணி போல ஜூனிப்பர் இலைத் தூள் போட்டுப் புகை காட்டுகிறேன். அவளும் நானும் அடுப்பும். ஏழு வயதுப் பிள்ளை எவ்வளவுதான் படம் வரைவாள்? "அம்மா, நாம என்ன தப்பு பண்ணினோம்?" என்கிறாள்.

ஜனவரி 19

கணவர் சுரங்கத்திலிருந்து போன் செய்தார். பிப்ரவரியில் எங்கள் மங்கோலியப் புத்தாண்டுக்கு வரும் அவருடைய அண்ணன் தம்தின், போகும்போது நந்தினைப் புல்வெளிக்குக் கூட்டிப் போகிறாராம். "அங்க காத்து சுத்தம். கோடை வரைக்கும் இருக்கட்டுமே." எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்! அங்கே இழுப்பு வந்தால் யார் பார்ப்பது, ஆடுகளா? இங்கே புகை, அங்கே பயம். எங்கே போய் முட்டிக்கொள்வது?

ஜனவரி 27

நேற்று இழுப்பு. மூச்சு மருந்து உள்ள நீலப் பம்பு அடித்தும் அடங்கவில்லை. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நந்தினுக்கு மூச்சு சீரானதும் டாக்டரம்மா சரண்துயா அவள் கோட்டை மோந்து பார்த்தார். "வீட்டுக்குள்ள ஜூனிப்பர் கொளுத்தறியா?"

"நோய் போகணும்னுதான்..."

"உன் கையாலேயே நோயைக் கூப்பிடறியேம்மா."

பழுப்புப் பம்பு ஒன்றும் அதை மாட்டி இழுக்க ஒரு குழாயும் தந்தார். நன்றாக இருந்தாலும் தினமும் காலை, மாலை போடவேண்டுமாம். நீலம் இழுப்பு வந்தால் மட்டும். "பூட்டி வைக்காதே. புகை கம்மியான நாள்ல ஓடட்டும், ஆடட்டும்."

வீட்டுக்கு வந்து அழுதேன். சாமிக்குப் போட்ட புகையா என் பிள்ளை கழுத்தை நெரித்தது?

பிப்ரவரி 4

எட்டு நாளாய் இழுப்பு இல்லை. எழுதவே பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 10

புத்தாண்டு. மாமா தம்தின் வந்தார். முறைப்படி அவர் முழங்கைகளைத் தாங்கி வணங்கினேன். அவர் மடியிலிருந்து ஜூனிப்பர் பையை எடுத்தார். வீட்டுக்கு மூத்தவர், வருஷப் பிறப்பன்று அவர் புகை போடாமல் யார் போடுவது?

"மாமா, உள்ள வேண்டாம்."

"என்ன?"

"அவளுக்கு ஆகாது. வெளியில சுத்திப் போடுங்க. அப்புறம்... அவளை அனுப்பவும் மாட்டேன்."

முகம் கறுத்துவிட்டது. "நேத்து வந்த மருமக எனக்கு முறை சொல்றா!" நான் வைத்த இறைச்சிக் கொழுக்கட்டையைத் தொடவில்லை. பையோடு வெளியே போனவர், கூடாரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். திரும்பி வந்தபோது நந்தின் பழுப்புப் பம்பைக் குழாயில் மாட்டி இழுத்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே நின்றார்.

"யார் சொல்லிக் குடுத்தா?"

"அம்மா. பெரியப்பா, கொழுக்கட்டை ஆறுது."

உட்கார்ந்து சாப்பிட்டார். ஊருக்குக் கூட்டிப் போவது பற்றி அப்புறம் பேசவே இல்லை.

பிப்ரவரி 26

பள்ளிக்குப் போகிறாள். நானும் போகிறேன். விடும்வரை வேலியோரம் நிற்கிறேன். ஆசிரியைக்கு நீலப் பம்பைப் பழக்கிக் கொடுத்தாயிற்று. இருந்தும் கால் வீட்டுக்குத் திரும்பமாட்டேன் என்கிறது. நான் என்ன செய்ய?

மார்ச் 12

நல்ல காற்று, வானம் தெரிந்தது. பள்ளியில் ஓட்டப் பந்தயம். நந்தின் கடைசி. பதறிப்போய், "மூச்சு முட்டுச்சாடி?" என்றேன்.

"இல்லம்மா. நீ வேலிகிட்ட அழுவறியோன்னு திரும்பித் திரும்பிப் பாத்தேன்."

நாளைக்குப் போகமாட்டேன். வீட்டு வாசலோடு நின்றுகொள்வேன்.