குளியலறையில் விழுந்தவர்கள்

10 நவம்பர், திங்கள். பலகை: 992

விடிந்ததிலிருந்து மழை. தெப்ராவ் சாலையில் முக்கால் மணி நேரம் நெரிசல். நனைந்த காலணியோடு ஏணியில் ஏறி, வாசலில் இருக்கும் ‘விபத்தில்லா நாட்கள்’ பலகையில் எண்ணை மாற்றினேன். சனி, ஞாயிறையும் சேர்த்து மூன்று நாள். ஆபீஸ் கிளார்க் வேலைக்கு எடுத்தபோது ஏணி ஏறத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை.

ஆயிரம் வந்தால்:
– எல்லோருக்கும் பிரியாணி
– குலுக்கலில் சலவை இயந்திரம்
– வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் பார்வையிட வருகை
– மேனேஜர் டானுக்குப் பதவி உயர்வு (நோட்டீசில் இது இல்லை)

பத்தரைக்கு நாலாம் நம்பர் பிரெஸ் மிஷினில் பிஷ்ணுவின் இரண்டு விரல் நசுங்கியது. நேபாளத்துக்காரன், கல்யாணமாகி ஒரு வருடம்தான். சூப்பர்வைசர் ராஜன் தன் காரிலேயே கிளினிக்குக் கூட்டிப் போனான். ஆம்புலன்ஸ் வந்தால் அக்கம்பக்கத்து பேக்டரிக்காரர்கள் பார்ப்பார்களாம்.

வாக்குமூலம் எழுதியது வழக்கம்போல் நான்தான். மலாயில். “நேற்று தங்குமிடக் குளியலறையில் வழுக்கி விழுந்து, கதவிடுக்கில் கை சிக்கியது.” வேலையிடத்தில் அடிபட்டால் பலகை பூஜ்யத்துக்குப் போய்விடும். குளியலறையில் விழுந்தால் பலகை நகர்ந்துகொண்டே இருக்கும், அடிபட்டவனுக்குத்தான் இழப்பீடு கிடையாது. பிஷ்ணுவுக்கு மலாய் வாசிக்கத் தெரியாது. இடது கையால் கையெழுத்துப் போட்டான்.

இந்த வருடம் எழுதியதில் இது ஐந்தாவது குளியலறை. என் நடை நன்றாக இருக்கிறது என்றார் டான்.

11 நவம்பர், செவ்வாய். 993

மழை. மீன் வாங்க மறந்தேன்.

நாலாம் நம்பரில் இப்போது தேவி. என் பக்கத்து வீட்டுக்காரி, தினமும் என் காரில்தான் வருகிறாள். வாயாடி. மதியம் ஆபீசுக்கே வந்துவிட்டாள்.

“அக்கா, ஒரு தடவ மிதிச்சா அது ரெண்டு தடவ இறங்குது. மொத தடவ நான் இறக்குறேன். ரெண்டாவது யாரு இறக்குறா?”

“கண்ணு வேலை செய்யுதா?” என்றேன். கை உள்ளே போனால் மிஷினை நிறுத்தும் விளக்கு ஒன்று இருக்கிறது. இங்கே எல்லோரும் அதைக் கண் என்பார்கள்.

“கண்ணா? அதக் குருடாக்கி ஒரு மாசமாச்சு லா.”

போய்ப் பார்த்தேன். கூரை அங்கே ஒழுகுகிறது. சொட்டு விழும்போதெல்லாம் கண் மிஷினை நிறுத்தியிருக்கிறது. கூரையை அடைக்க ஆள் கூப்பிடவில்லை. மோட்டார்சைக்கிளின் பின்னால் ஒட்டுகிற மினுக்கு ஸ்டிக்கர் ஒரு துண்டை எடுத்துக் கண்ணுக்கு முன்னால் ஒட்டிவிட்டான் ராஜன். கண்ணின் ஒளி அதிலேயே பட்டுத் திரும்பிவிடும். இனி கை போனாலும் தலை போனாலும் அது எல்லாம் நலம் என்றே சொல்லும்.

தேவி புகார் படிவம் எழுதிக் கொடுத்தாள். டானிடம் காட்டினேன். படிக்கவில்லை. “ஏழு நாள், பத்மா. ஏழே நாள்,” என்றார் ஆங்கிலத்தில், மிக மென்மையாக. படிவத்தை என் மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினேன்.

12 நவம்பர், புதன். 994

தேவியின் இரண்டாவது படிவம். லாச்சி.

கிளினிக் டாக்டர் போன் செய்தார். “மேடம், உங்க கம்பெனி ஆளுங்க எல்லாம் எப்படிப்பட்ட பாத்ரூம்ல குளிக்கிறாங்க?” சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் சிரித்தேன்.

முட்டை, வெங்காயம், குமாருக்கு மழைக்கோட்டு. (சிங்கப்பூருக்குப் பைக்கில் வேலைக்குப் போகிற என் வீட்டுக்காரர் கிழிந்த கோட்டோடு போகிறார்.)

13 நவம்பர், வியாழன். 995

தலைமை அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல். “உங்கள் கிளை ஊழியர்களிடையே குளியலறை விபத்துகள் கவலையளிக்கும் அளவில் உள்ளன. என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்?”

மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். ஒரு நிமிடம் நிம்மதியாகக்கூட இருந்தது. டான் அரை மணி நேரம் அறையைப் பூட்டிக்கொண்டு இருந்துவிட்டு, முகமெல்லாம் வெளிச்சமாக வெளியே வந்தார். குளியலறைப் பாதுகாப்பு இயக்கம்! ஊழியர் ஒவ்வொருவருக்கும் வழுக்காத ரப்பர் விரிப்பு ஒன்று. சுவரொட்டி. ஒரு சொற்பொழிவு. பேசப்போவது நான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் பூசணிக்காய்க்கு விழாவே எடுக்கிறார்.

கூரை இன்னும் ஒழுகுகிறது. விரிப்புக்கு மட்டும் ஒரே நாளில் ஒப்புதல் வந்துவிட்டது.

14 நவம்பர், வெள்ளி. 996

சொற்பொழிவு. கேன்டீனில் எல்லோரும். “குளித்து முடித்ததும் தரையைத் துடைக்க வேண்டும். சோப்பை மிதிக்கக் கூடாது.” பிஷ்ணு முன் வரிசையில், கட்டுப்போட்ட கையோடு. இரண்டு நாள் எம்.சி. விடுப்பு முடிந்து வந்துவிட்டான். இயக்கத்தின் எடுத்துக்காட்டு என்று அவனை எழுப்பி நிறுத்தினார் டான். எல்லோரும் கைதட்டினார்கள். அவனும் தட்டப் பார்த்தான். வலித்ததால் நிறுத்திவிட்டான்.

மூன்று மணிக்குப் பெரிய கூத்து. ஆயிரமாவது நாளுக்காகப் பலகையைச் சுற்றி வண்ணத்துணி கட்டப்போன ராஜன்மேல் பலகையே கழன்று விழுந்தது. நெற்றியில் நாலு தையல். விபத்தில்லா நாட்கள் பலகை விழுந்து விபத்து. பேக்கிங் பகுதிப் பெண்கள் சிரித்து முடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. நானும் சிரித்தேன், கண்ணில் நீர் வரும்வரை.

“குளியலறையா?” என்றேன் டானிடம்.

யோசித்தார். “வேண்டாம், ரொம்ப அதிகமாகிவிட்டது. கழிவறை என்று போடு.”

ராஜன் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னான்: “அக்கா, நாலாம் நம்பர் எனக்கும் பயமாதான் இருக்கு. ஆனா நாலு நாள்தானே.”

பலகையைத் திரும்ப மாட்டியாயிற்று. 9 கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. தேவியின் மூன்றாவது படிவம் லாச்சியில்.

16 நவம்பர், ஞாயிறு

சந்தையில் பிஷ்ணுவைப் பார்த்தேன். இடது கையால் உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்து, கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டி, “அக்கா, பாத்ரூம்!” என்றான். அவன் கற்றுக்கொண்ட வேடிக்கை. அப்படியே திரும்பி வந்துவிட்டேன், கீரைகூட வாங்கவில்லை. வெட்கமாக இருந்தது.

குமாரிடம் எல்லாம் சொன்னேன். வெள்ளிக்கிழமை கம்பெனி கொடுத்த ரப்பர் விரிப்பை எங்கள் வீட்டுக் குளியலறையில் விரித்துக்கொண்டிருந்தார். “நல்ல விரிப்பு. தூக்கிப் போடாத,” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “எழுதிக் குடுத்துட்டு வெளிய வந்துடு, பத்மா. ஒரு சம்பளத்துல சமாளிக்கலாம்,” என்றார்.

வெளியே வரத்தான் வேண்டும். செவ்வாய் முடியட்டும். மூன்று படிவத்தையும் புதன்கிழமை தலைமை அலுவலகத்துக்கு நானே அனுப்புவேன். இங்கே எழுதிவிட்டேன், இனி மாறக்கூடாது.

17 நவம்பர், திங்கள். 999

ஏணி வழுக்கியது. பிடித்துக்கொண்டேன். குளியலறை ஏணி என்று எழுத வேண்டியிருந்திருக்கும்.

தேவி இன்று நாலாம் நம்பரில் உட்கார மாட்டேன் என்றுவிட்டாள். எல்லோர் முன்னாலும், உரக்க. “வேணும்னா டானை ஒக்கார சொல்லு!” பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். அப்பாடா என்றிருந்தது. மிஷின் சும்மா கிடக்கிறது. ஒரு நாள்தான். சும்மாவே கிடக்கட்டும்.

மதியம் போட்டோக்காரர் வருகிறார். நாளை மாட்டும் பெரிய பேனருக்குப் படம் வேண்டுமாம்: பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை எல்லாம் போட்டு ஒரு பெண் மிஷினில் வேலை செய்கிற மாதிரி. டான் என்னைக் கைகாட்டினார். “நீ பழைய லைன் ஆள்தானே. முகமும் பார்க்க மரியாதையாக இருக்கிறது.” பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் லைனில் இருந்தேன், உண்மைதான். எந்த மிஷின் என்று கேட்டேன். சும்மா இருக்கிற மிஷின் என்றார்.

முடியாது என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பார். சொல்லப்போனால் லாச்சியைத் திறக்க வேண்டும். ஒரே ஒரு போட்டோ. கையைத் தள்ளியே வைத்துக்கொள்வேன். ராஜன் கூப்பிடுகிறான்

19 நவம்பர், புதன். பலகை: 1001

இடது கையால் எழுதுகிறேன். மெதுவாகத்தான் வருகிறது. ஆஸ்பத்திரி. வெளியே மழை.

வலது கை. சுட்டுவிரல், நடுவிரல். இரண்டும் போய்விட்டன.

மிஷின் ஓடினால்தான் படம் நிஜமாக இருக்கும் என்றார் போட்டோக்காரர். ஓடவிட்டார்கள். “கையை இன்னும் கொஞ்சம் உள்ளே வைங்க மேடம்,” என்றார். ஒரு தடவை மிதித்தேன். இறங்கி ஏறியது. தகட்டுத் துண்டை எடுக்கக் கை நீட்டினேன். இரண்டாவது தடவை யாரும் மிதிக்கவில்லை.

ராஜனின் காரில்தான் கொண்டுவந்தார்கள். வழியெல்லாம் அவன் அழுதுகொண்டே ஓட்டினான்.

நேற்று ஆயிரம். விருந்து நடந்ததாம். இன்று காலை ராஜன் வந்தான். ஒரு கையில் பிரியாணிப் பொட்டலம், ஒரு கையில் காகிதம். என் வாக்குமூலம். “குளியலறையில் வழுக்கி விழுந்து, கதவிடுக்கில் கை சிக்கியது.” மலாயில் ஒரு பிழை இல்லை. எப்படி இருக்கும்? எல்லாம் என் வாக்கியங்கள். பிஷ்ணுவுக்கு எழுதியதில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். கடைசியில் ஒரு வரி புதிது: “வழங்கப்பட்ட ரப்பர் விரிப்பை நான் இன்னும் விரித்திருக்கவில்லை.”

“கையெழுத்து போட முடியலன்னா கைநாட்டு போதும்னாரு பாஸ்,” என்றான். நிமிரவில்லை.

“வீட்டுல விரிப்பு விரிச்சிருக்கு, ராஜன். வந்து பாரு,” என்றேன். காகிதத்தை மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். பிரியாணியையும்.

மதியம் தேவி வந்தாள். என் கட்டைப் பார்த்ததும் அழுதாள். லாச்சிச் சாவி என் பையில் இருக்கிறது, படிவங்களை எடு என்றேன்.

“எந்த லாச்சிக்கா? நேத்தே ஒடச்சுட்டாங்க. உள்ள ஒண்ணும் இல்ல. நாலாம் நம்பர்லயும் அந்த ஸ்டிக்கரக் காணோம். கண்ணு இப்ப நல்லா வேல செய்யுது.”

உன் படிவத்தை அன்றைக்கே அனுப்பியிருந்தால் என்று ஆரம்பித்தேன். “சும்மா இருங்கக்கா,” என்றாள்.

அப்புறம்தான் பையிலேயே இருந்த இந்த நோட்டு நினைவுக்கு வந்தது. பிஷ்ணு, ராஜன், ஸ்டிக்கர், மூன்று படிவம், கழிவறை. தேதியோடு. நான் செய்ததும் இருக்கிறது. அதையும் படிக்கட்டும். நாளை தேவி இதைத் தொழிலாளர் அலுவலகத்துக்குக் கொண்டுபோகிறாள். பிஷ்ணுவும் கூடப் போகிறான்.

மேலே பலகை 1001 என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். அடித்துவிட்டேன்.

பலகை: 0

இடது கைக்கும் பூஜ்யம் நன்றாகத்தான் வருகிறது.